ஒரு தடவை அடித்தால்

சவர்க்காரம் தேய்ந்து வெற்றிலைபோல் மெலிந்ததும்
புதுக்கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவேன்.
பற்பசைக் குழாயை வயிற்றில் கத்தரித்தால்
இன்னும் நான்கு நாள் வரும்.
மண்டூரில் என்னைக் கசவாரம் என்கிறார்களாம்.
சொல்லட்டும், சொல்லுக்கு வட்டி இல்லை.

ஒரு பட்டன் போன், ஏழு வருஷம்.
ஐந்து நாளைக்கு ஒருக்கா சார்ஜ்.
அதில் நாங்கள் ஒரு பாஷை வைத்திருந்தோம்.
ஒரு தடவை அடித்து வெட்டினால்
பாதை ஏறிவிட்டேன் என்று அர்த்தம்.
இரண்டென்றால் பாதை பிந்துது,
எருமைக்குத் தவிடு நீங்களே வையுங்கள்.
மருதமுனை ஆதம்லெவ்வை நானா
ஒன்று அடித்தால் பத்துச் சட்டி தயிர்,
இரண்டு அடித்தால் இருபது.
எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் காசு.
ஒரு சதம் கொடாமல்
கம்பெனிக்காரனின் கோபுரத்தில் ஏறி நின்று
வாவிக்கு இக்கரையும் அக்கரையும் கதைத்தோம்.

"ஸ்மார்ட் போன் எண்டா மிச்சம் பிடிக்கலாம் அக்கா"
என்றான் பால் சங்கத்து டிலக்‌ஷன்.
முப்பத்தெட்டாயிரத்தைக் கொடுத்தா
மிச்சம் பிடிக்கிறது?
கலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன்:
எழுபத்தாறு சட்டி.
தாளை மடித்துச் சீனிப் போத்தலுக்கடியில் வைத்தேன்.

மறுகா ஒரு வியாழக்கிழமை
இரண்டு தடவை அடித்தது.
இருபது சட்டியையும் பாதையில் ஏற்றி
பஸ்ஸுக்குச் சாமான் காசும் கொடுத்து
போய் இறங்கினால் கடை பூட்டு.
மௌத்து வீடாம். மச்சினன்.
போனை அமத்தி விளையாடியது
நானாவின் மகளுடைய பிள்ளை, ஒன்றரை வயசு.
வெயிலுக்குத் தயிர் தண்ணி விட்டது.
எட்டுச் சட்டி அரைவிலைக்குப் போனது,
பன்னிரண்டு போகவில்லை.
எட்டாயிரம் நட்டம்.

கல்முனையில் ஜெஸீலின் கடையில்
கைமாறின போன் ஒன்று வாங்கினேன்.
கண்ணாடியில் மூலைக்கு மூலை வெடிப்பு.
வெடிப்புக்கென்று ஆயிரத்தைந்நூறு குறைத்தேன்.

உண்மையைச் சொல்லவேண்டும்,
முதல் மாதம் இரண்டு வீண்பயணம் மிச்சம்.
நானா கடை இறாக்கையைப் படம் பிடித்து அனுப்புவார்,
வெறுந்தட்டு எத்தனையோ அத்தனை சட்டி.

ஆனால் அந்த டேட்டா கார்டு
பகலுக்கு ஒள்ளுப்பம்,
இரவுக்கு மாரி வெள்ளம்.
பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் மதகு திறக்கும்.
காசு கொடுத்ததை வீணாக்க
என் கைக்குத் தெரியாது.
அலாரம் வைத்து எழும்பினேன்.
எங்கோ பனிநாட்டில் ஒருத்தி
புதுச் சவர்க்காரத்தைக் கத்தியால் சீவுகிறாள்.
சீவிச் சீவித் தூளாக்குகிறாள்.
குளிக்கவே இல்லை.
பார்த்துக்கொண்டேயிருந்தேன்,
ஒரு மணி, இரண்டு மணி.
"என்ன பாக்காய்?" என்றார் கிறுகிப் படுத்தபடி.
"முடிக்கிறன்" என்றேன்.

மூன்றாம் கிழமை ஓரிரவு
உறை ஊற்ற மறந்து தூங்கினேன்.
விடியப் பார்த்தால் சட்டி முழுக்க வெறும் பால்.
அதை எந்த வரியில் எழுத?
கலண்டர் தாளில்
நித்திரைக்கு நான் கோடு கீறியிருக்கவில்லை.

இரவுக் கார்டை விட்டாயிற்று.
ஏழு மணிக்குப் பிறகு போன் அரிசி வாளிக்குள்.
பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்,
எங்களைப்போல ஆக்களுக்கு இது தேவையா என்று.
தயிருக்குத் தேவை என்றேன்.
அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

இப்போது கதைக்க எத்தனை நிமிஷமும் இலவசம்.
ஒருநாள் குருமண்வெளியில் பாதை ஏறி
அவர் எடுக்கும்வரை அடிக்கவிட்டேன்.
"ஹலோ, என்ன? என்ன நடந்த?"
"ஒண்டுமில்ல. பாதை ஏறிட்டன்."
"அதுக்கு ஏன் முழுசா அடிச்ச?"
பிறகு இருவரும்
போனைக் காதில் பிடித்தபடி நின்றோம்.
என் பக்கம் எஞ்சின் சத்தம், தண்ணி.
அவர் பக்கம் எருமை ஒன்று செருமியது.

அடுத்த நாள் பழையபடி
ஒன்று.
வெட்டு.